அக்டோபர் வரை எடுக்கக் கூடாத துணி

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஜெனோவா நகரத்து மிடறுச் சந்து யாருக்கும் தெரியாத இடமாக இந்த மே மாதம் முதல் அதிகாரபூர்வமாக ஆக்கப்பட்டிருக்கிறது. யாருக்கும் தெரியாத இடம் என்பதால் சனிக்கிழமைதோறும் காலையில் அதைப் பார்க்க ஆட்கள் அழைத்துவரப்படுவார்கள்.

அறிவிப்பைச் செய்தது 'மறைந்திருக்கும் ஜெனோவா' என்கிற சங்கம். அதன் தலைவர் புரொபசர் திராவெர்ஸோ. செயலாளர், வழிகாட்டி, ஒலிபெருக்கி எல்லாமும் அவரே. எங்கள் நாட்டில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினாலே புரொபசர்தான். அவர் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். குடியிருப்பது கடலைப் பார்த்த அல்பாரோவில், தோட்டமும் கார் நிறுத்தமும் உள்ள வீட்டில். அங்கிருந்து கிளம்பி வந்து எங்களைக் கண்டுபிடித்தார். முன்னொரு காலத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே ஆட்கள் குடியிருந்த நிலத்தில் போய் இறங்கி, கண்டுபிடித்துவிட்டேன் என்றார். அந்தப் பழக்கம் ஊரை விட்டு இன்னும் போகவில்லை.

அரண்மனைகளையும் மீன் காட்சிசாலையையும் பார்த்துவிட்டு ஜெனோவாவைப் பார்த்ததாகச் சொல்கிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. சந்து முனையில் ஒரு பலகை அடித்தார். 'இங்கே சுற்றுலாப் பயணிகள் வருவதில்லை' என்று அதில் நான்கு மொழிகளில் எழுதியிருந்தது. பலகையைப் படம் எடுக்கக் கூடிய கூட்டத்தில் நான் வேலைக்குப் போவது தாமதமானது. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை எனக்கு. நான் தாமதமாக வந்ததை அங்கே யாரும் கவனிக்கவில்லை. அது வேறு விஷயம்.

புரொபசரின் கண்டுபிடிப்புகளில் தலையாயது அவர் சுற்றிக்காட்டும் வழியின் ஏழாம் நிறுத்தம். அதாவது எதிலியோ வீட்டுத் துணி.

எதிலியோவின் வாசலும் என் வாசலும் மூன்றாம் மாடியில் எதிரெதிரே இருக்கின்றன. நகராட்சி லிஃப்டுகளைப் பழுது பார்க்கிறவன் அவன். எங்கள் ஊர் மலைச்சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. கீழ்த்தெருவிலிருந்து மேல்தெருவுக்குப் போகவே பல இடங்களில் லிஃப்ட்தான். அவன் மனைவி இவால்தா பிப்ரவரியில் ஒரு காலை துணி துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு மீன் வாங்கப் போனாள். மீன்கடை வரிசையில் நின்றபடியே சரிந்தாள். முன்னால் நின்றவர், யாரோ தன்னை இடித்துத் தள்ளுகிறார்கள் என்று நினைத்துச் சண்டை போடத்தான் திரும்பினாராம். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் திரும்பியபோது துணி காய்ந்திருந்தது. ஒரு மேசைவிரிப்பு, தலையணை உறைகள், எதிலியோவின் நீல வேலைச்சட்டை, இவால்தாவின் பச்சைப் பூப்போட்ட நைட்டி. எதிலியோ அதை எடுக்கவில்லை. எடுப்பதில்லை என்று முடிவு செய்யவுமில்லை. ஜன்னலைத் திறப்பான், துணியைப் பார்ப்பான், ஜன்னலைச் சாத்துவான். மழை பெய்தது, வெயில் அடித்தது, மறுபடி பெய்தது. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் காற்று மண்ணைக் கொண்டுவந்து அப்பியது. துணி அப்படியே கிடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களின் முதல் தொழில் கப்பல் அல்ல, முணுமுணுப்பு. முகூஞ்ஞோ என்போம். பழைய காலத்து மாலுமிகளுக்கு இரண்டு விதமான ஒப்பந்தம் இருந்ததாம். வாயைத் திறக்காமல் வேலை செய்தால் நல்ல கூலி, குறை சொல்லிக்கொண்டே செய்ய உரிமை வேண்டுமென்றால் குறைந்த கூலி. எங்கள் முன்னோர்கள் அத்தனை பேரும் குறைந்த கூலிக்குத்தான் கையெழுத்துப் போட்டார்களாம். உண்மையோ பொய்யோ, எங்கள் சந்தில் ஒருவர் மற்றவருக்கு வணக்கம் சொல்வதே கிடையாது. குறை சொல்வோம். உன் கதவு சத்தம், உன் பூனை நாற்றம், உன் மகன் பாட்டு சகிக்கவில்லை. இதைக் கேட்டால்தான் உயிரோடிருக்கிறோம் என்று தெரியும்.

இவால்தாவுக்கும் சந்துக்கு அந்தப் பக்கத்துக் கட்டிடத்தின் இரண்டாம் மாடி தெல்ஃபீனாவுக்கும் இந்த உறவு வெகுகாலமாகச் செழிப்பாக இருந்தது. கொடிக்கயிற்றின் மறுமுனைக் கப்பி தெல்ஃபீனா ஜன்னலுக்கு மேலே இருக்கிறது. ஈரத்துணி அவளுடைய திருநீற்றுப்பச்சைத் தொட்டிகள் மேல் சொட்டும். சோப்புத் தண்ணீர் பட்ட இலையை அரைத்தால் பெஸ்தோ துவையல் பாத்திரம் கழுவின மாதிரி இருக்கும் என்பது தெல்ஃபீனாவின் கட்சி. அவள் பட்டன் கடை வைத்திருக்கிறாள். காலையில் கடை திறக்கப் போகும்முன் ஜன்னலில் நின்று திட்டிவிட்டுத்தான் போவாள். இவால்தா பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து போவாள்.

சாவு விழுந்த வீட்டை மட்டும் நாங்கள் திட்டுவதில்லை. முப்பதாம் நாள் பூசை ஆகும்வரை அந்த வீட்டைப் பற்றி ஒரு குறையும் சொல்லக் கூடாது. பூசை முடிந்து கோவில் வாசலில் இறங்கும்போதே யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். சாமியார் பிரசங்கத்தை இழுத்துவிட்டார், பூ வாடிப்போயிருந்தது என்று ஏதாவது. அதோடு அந்த வீடும் பழையபடி சந்தில் சேர்ந்துகொள்ளும்.

இவால்தாவுக்கு முப்பதாம் நாள் வந்தது, போனது. எதிலியோ பூசைக்குச் சொல்லவில்லை. பூசை இல்லாததால் நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. தெல்ஃபீனா சத்தமில்லாமல் தன் தொட்டிகளை நகர்த்திக்கொண்டாள். சந்து முழுக்க அவன் ஒருவனிடம் மட்டும் மரியாதையாக நடந்துகொண்டது. மாடிப்படியில் அவனைக் கண்டால் ஒதுங்கி வழிவிட்டோம். நல்லது செய்கிறோம் என்றே நினைத்தோம்.

இந்த நிலையில்தான் புரொபசர் வந்து சேர்ந்தார். துணியை அண்ணாந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அவருடன் வந்திருந்த புகைப்படக்காரர் எடுத்த படம் சங்கத்தின் விளம்பரத்தில் முன்பக்கத்தில் வந்துவிட்டது. பிறகு புரொபசர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கி எதிலியோவைப் பார்த்தார். படத்தில் உள்ள துணி இதே வரிசையில், இதே கசங்கலோடு அக்டோபரில் சீசன் முடியும்வரை இருக்கவேண்டும், இது ஊருக்குச் செய்யும் சேவை என்று விளக்கினார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. எதிலியோ சரி என்றான். பிப்ரவரியிலிருந்தே அவன் எல்லாருக்கும் சரிதான் சொல்லிக்கொண்டிருந்தான். சவப்பெட்டிக்காரருக்குச் சரி, காப்பீட்டுக்காரருக்குச் சரி, கல்லறைக் கல்லுக்கு எந்த நிறம் என்று கேட்டவருக்கும் சரி.

முதல் சனிக்கிழமை மிலானோக்காரர்களும் சில ஜெர்மானியர்களும் வந்தார்கள். ஏழாம் நிறுத்தத்தில் புரொபசர் குடையை உயர்த்தித் துணியைச் சுட்டினார். என் ஜன்னலுக்கு எல்லாம் கேட்டது.

"பாருங்கள். இதுதான் வேஷம் போடாத ஜெனோவா. இந்தச் சட்டை உழைக்கும் மனிதனுடையது. இது அவருடைய மனைவியின் இல்லற ஆடை. இந்த நேரத்தில் அந்த அம்மாள் உள்ளே சமைத்துக்கொண்டிருப்பார். மூச்சை இழுத்தால் உங்களுக்கே தெரியும்."

எல்லாரும் மூச்சை இழுத்தார்கள். அந்த நேரத்தில் சந்தில் இருந்த வாசனை சாக்கடையுடையது. மிலானோக்காரி ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

அவர்கள் போனதும் நான் எதிலியோ கதவைத் தட்டினேன். ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டிருந்தான்.

"கேட்டியா?" என்றேன்.

"கேட்டேன். சமைச்சிட்டிருக்காளாம்."

"அந்தாள்கிட்ட போய்ச் சொல்லட்டுமா?"

"என்னன்னு?"

அவன் ஜன்னலைச் சாத்தினான்.

"இருக்கட்டும் கஸ்பாரே. இந்தச் சந்துல அவளைப் பத்திப் பேசுற ஆள் அவர் ஒருத்தர்தான்."

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் ஜன்னல் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தான். புரொபசர் வருவதற்கு முன்பே சவரம் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அதற்கும் அடுத்த வாரம் வெங்காயம் வதக்கினான். சாப்பிட அல்ல. கூட்டம் ஏழாம் நிறுத்தத்துக்கு வந்து மூச்சை இழுத்தபோது நிஜமாகவே வாசனை வந்தது. புரொபசரே ஒரு கணம் தடுமாறினார். தான் சொன்ன ஒன்று உண்மையாவதைப் பார்ப்பது அவருக்கு அதுவே முதல் தடவையாக இருக்கும்.

ஜூனில் அவருக்குப் புது யோசனை வந்தது. துணி மட்டும் போதவில்லை, கூடவே முகூஞ்ஞோவும் வேண்டும். ஒரு பிஸ்கட் டப்பாவோடு தெல்ஃபீனா கடைக்குப் போனார். அன்று மாலை அவள் என்னை எங்கள் கட்டிடத்து வாசல்படியில் மறித்தாள்.

"குடையைத் தூக்குவாராம், நான் ஜன்னல்ல வந்து எதிலியோவைத் திட்டணுமாம். குடையை மடக்கினா நிறுத்தணுமாம். நான் என்ன சாவி குடுத்தா ஆடுற பொம்மையா?"

"நீ என்ன சொன்னே?"

"பூசை முடியாத வீட்டை நான் திட்டுறதில்லேன்னுட்டேன். என்ன பூசைன்னு கேட்டாரு அந்தாள். பிஸ்கட்டை வாங்கி வச்சுக்கிட்டேன்."

பூசை எப்போது என்று நான் கேட்டேன். அதை அவன்தானே சொல்லவேண்டும், என்னைக் கேட்டால் எப்படி என்று என் மேலேயே பாய்ந்தாள். அவள் பாய்ந்தது எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. மேலே போய் எதிலியோ கதவைத் தட்டினேன்.

அவன் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். பூசை விஷயத்தைச் சுற்றி வளைத்து எடுத்தேன்.

"சாமியார் கேட்டாரே," என்றான். "முப்பதாம் நாள் பூசை வைக்கலாமான்னாரு. சரின்னேன். என்னைக்குன்னாரு. அதுக்கும் சரின்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாரு."

நான் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கச் சொல்லவில்லை.

"நீங்கல்லாம் எம்மேல கோவமா இருக்கீங்களா?" என்று கேட்டான். "தெல்ஃபீனா தொட்டியை நகர்த்திட்டா. ஒரு வார்த்தை சொல்லல. நீ இத்தனை வருஷமா என் கதவுச் சத்தத்துக்குத் திட்டுவே. இப்ப நான் வேணும்னே அறைஞ்சு சாத்துறேன். நீ உள்ள இருக்கேன்னு தெரியும். சத்தமே இல்ல."

"நீ துக்கத்துல இருக்கேன்னுதான்."

"இருக்கேனா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கத்தியைக் கீழே வைத்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியல கஸ்பாரே. பல் டாக்டர் ஊசி போட்டா ஆகுமே, அந்த மாதிரி இருக்கு. கன்னம் இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கிறேன்."

"துணியை எடுத்துடலாமே."

"யாராவது எடுன்னு கத்துவீங்கன்னு இருந்தேன். புரொபசர் வந்து எடுக்காதேன்னுட்டாரு. அவராவது ஏதோ சொன்னாரு. அக்டோபர் வரைக்கும் அதைப் பத்தி யோசிக்க வேண்டியதில்ல."

சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டான். சனிக்கிழமைக்குக் கிழங்கு நல்லதா, வெங்காயம் நல்லதா, எது கீழே வரை வாசம் போகும் என்று என்னிடம் கேட்டான். நான் வெங்காயம் என்றேன். வேறென்ன சொல்வது.

நடந்ததைத் தெல்ஃபீனாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசாமல் கடையைச் சாத்தினாள். அவள் பேசாமல் எதையாவது சாத்தி நான் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் துணி கனத்துத் தொங்கியது, சாம்பல் நிறமாகச் சொட்டியது. அன்று பார்த்து நகராட்சியின் சுற்றுலாத் துறை உறுப்பினர் ஒருவரைப் புரொபசர் அழைத்து வந்திருந்தார். வெளிர்நிறக் கோட்டுப் போட்டவர். கூடவே ஹாலந்துக்காரர்கள், அவர்களுக்கு மொழிபெயர்க்க ஒரு பெண், பெர்காமோவிலிருந்து வந்த ஒரு குடும்பம். சந்து நிறைந்து, சுவரில் முதுகு தேய நின்றார்கள். மேலேயிருந்து வெங்காய வாசனை வந்தது. புரொபசர் தன் உரையை அன்று நீட்டித்துப் பேசினார். இல்லற ஆடைக்கு மட்டும் புதிதாக இரண்டு வாக்கியம் சேர்த்தார்.

பெர்காமோக்காரி கையை உயர்த்தினாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், அந்த அம்மாவுக்கு ஒரு வணக்கம் சொல்லலாமா என்று கேட்டாள். உறுப்பினர் அது மிக நல்ல யோசனை என்றார். புரொபசர் அண்ணாந்து, "சிஞோரா, சிஞோரா," என்று கூப்பிட்டார். "ஒரு நிமிடம் ஜன்னலுக்கு வருகிறீர்களா?"

ஜன்னலுக்கு வந்தது எதிலியோ. சவரம் செய்து, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தான். கீழே நின்றவர்களைப் பார்த்தான். பிறகு திரும்பித் தன் அறைக்குள் பார்த்தான். யாரிடமோ கேட்கிறவன் மாதிரி.

"அடுப்பை விட்டு வர முடியாதாம்," என்றான்.

கீழே எல்லாரும் ஆஹா என்று தலையாட்டினார்கள். மொழிபெயர்க்கும் பெண் மொழிபெயர்த்தாள், ஹாலந்துக்காரர்களும் தலையாட்டினார்கள்.

எதிர்ஜன்னல் திறந்தது. புரொபசரின் குடை மடங்கித்தான் இருந்தது. தெல்ஃபீனா இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எதிலியோ. போதும்ப்பா. இவால்தா செத்து மாசக்கணக்காச்சு. அவ இருந்தா இந்தத் துணியை இப்படி நாற விட்டிருப்பாளா? உன் அழுக்குத் தண்ணி என் செடி மேலெல்லாம் ஊத்துது. எத்தனை தடவைதான் தொட்டியை நகர்த்துறது, கடல்லயா கொண்டுபோய் வைக்கிறது? உள்ள இழு."

மொழிபெயர்க்கும் பெண் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். எதிலியோ ஜன்னல் சட்டத்தைப் பிடித்தபடி நின்றான். அவன் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வான் என்று நினைத்தேன். அப்படிச் சாத்தினால் இனி அதைத் திறப்பது யாராலும் ஆகாது என்றும் நினைத்தேன்.

"உன் செடி என்னைக்கு நல்லா இருந்துச்சு?" என்றான். "நீ பெஸ்தோவைக் கடையில டப்பாவா வாங்கி, மேல நாலு இலையைக் கிள்ளிப் போட்டு நான் அரைச்சேன்னு சொல்றவளாம்."

"எவ சொன்னா?"

"இவால்தா சொன்னா."

"சொல்லுவா. அவ நாக்கு அப்படி." தெல்ஃபீனா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "பூசை என்னைக்கு வச்சிருக்கே?"

எதிலியோ யோசித்தான். "வியாழக்கிழமை."

"வியாழக்கிழமை நான் முட்டிக்கு டாக்டரைப் பார்க்கணும்."

"அப்ப வராதே."

"வருவேன்."

கூட்டம் கை தட்டியது. புரொபசர் உறுப்பினரின் காதில், இது ஒத்திகை பார்த்ததில்லை, முழுக்க இயற்கையானது என்றார். உறுப்பினர் இதைப் போன்ற உயிர்த்துடிப்பைத்தான் நகராட்சி எதிர்பார்க்கிறது என்றார்.

எதிலியோ கயிற்றைப் பிடித்து இழுத்தான். கப்பி துருப்பிடித்து அலறியது. மேசைவிரிப்பு வந்தது, தலையணை உறைகள் வந்தன, வேலைச்சட்டை வந்தது. நைட்டி மட்டும் நடுவில் நின்றுவிட்டது. அதற்கு நேர்கீழே உறுப்பினர் நின்றிருந்தார். அவருடைய வெளிர்நிறக் கோட்டுக்கு அது நல்லதாக இல்லை. தெல்ஃபீனா தன் பக்கத்திலிருந்து துடைப்பக் கட்டையால் கயிற்றைத் தட்டிவிட்டாள். எதிலியோ மறுபடி இழுத்தான். அது ஆடி ஆடிப் போய் அவன் கைக்குச் சேர்ந்தது.

புரொபசர் கீழேயிருந்து அக்டோபர், அக்டோபர் என்று மன்றாடினார். விளம்பரம் அச்சாகிவிட்டது என்றார். பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக எதிலியோ சரி என்று சொல்லவில்லை. ஜன்னலைச் சாத்தினான்.

நான் அவன் வீட்டுக்குப் போனேன். துணி எல்லாம் துவைக்கும் தொட்டியில் கிடந்தது. நைட்டியை மட்டும் கையில் வைத்திருந்தான். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"நாறுது," என்றான்.

அவன் அப்போது உடைந்து அழுதான் என்றால் கேட்பவர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அழவில்லை. அடுப்பில் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது. போய் அணைத்தான். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றான். தெரிய நாளாகும் என்றேன். கருகின நாற்றத்தில் குடியிருக்க முடியவில்லை, ஜன்னலைத் திறந்து தொலை என்றும் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான், உனக்கென்ன, உன் வீட்டு மீன் நாற்றத்தை யார் சொல்வது என்றான்.

வியாழக்கிழமை பூசை நடந்தது. கோவிலுக்குள் குளிராக இருந்தது. சாமியார் இவால்தாவின் பெயரை ஒருமுறை ஜெரால்தா என்று சொன்னார். படியில் இறங்கும்போது தெல்ஃபீனா, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பூவைப் பார்த்தால் பெட்ரோல் பங்கில் வாங்கினது மாதிரி இருக்கிறது என்று ஆரம்பித்து வைத்தாள். எதிலியோ எல்லாருடைய குறையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு நடந்தான்.

புரொபசர் சோர்ந்துவிடுகிற ஆள் இல்லை. அடுத்த சனிக்கிழமை வெறும் கயிற்றைக் காட்டி, மறைந்துபோன ஒரு வாழ்க்கைமுறையின் எச்சம் என்று பேசினார். அதற்கும் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். பிறகு ஒரு நாள் மாடி ஏறி வந்து, புதிதாகத் துவைத்த துணி எதையாவது கயிற்றில் போடமுடியுமா, எதுவானாலும் சரி என்று எதிலியோவைக் கேட்டார்.

எதிலியோ துணி உலர்த்தும் மெஷின் வாங்கிவிட்டான்.